வெள்ளி மூக்கு

வெள்ளியில் ஒரு மூக்கு செய்து உண்டியலில் போட்டால், சாமி என் மூக்கைத் திருப்பித் தந்துவிடுவார் என்று நான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வயது, பி.காம். பட்டம், போடியில் ஏலக்காய் மொத்த வியாபாரம், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இவ்வளவும் சேர்ந்த ஒரு ஆள் நம்பினான். மூக்கு எந்தக் கனத்தில் இருந்தால் சாமிக்கு மரியாதையாக இருக்கும் என்று யோசித்து மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிற அளவுக்கு நம்பினான்.

நடந்தது இதுதான். நாலு நாள் காய்ச்சல் அடித்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் போனது. போகிற போக்கில் மோப்பத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்று காலை மனைவி கொடுத்த காப்பி, வெந்நீரில் கசப்பைக் கரைத்த மாதிரி இருந்தது. காப்பித்தூள் தீர்ந்துபோச்சா என்று கேட்டு, அதற்குரிய முறைப்பை வாங்கிக்கொண்டேன். பிறகுதான் சந்தேகம் வந்தது. சாமி அறைக்குப் போய் ஊதுபத்தியைக் கொளுத்தி மூக்குக்கு நேரே பிடித்தேன். புகை கண்ணில் ஏறியது, மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. பெருங்காய டப்பா, தலைவலித் தைலம், மகனின் விளையாட்டுச் சட்டை என்று வீட்டை ஒரு சுற்று முகர்ந்து முடித்தேன். கடைசியில் வாசலில் குத்துக்காலிட்டு, என்னுடைய பழைய செருப்பை இரண்டு கையாலும் ஏந்தி முகத்தருகே வைத்திருந்தபோது மனைவி கதவைத் திறந்தாள்.

அவள் என்னைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள்.

“காப்பிக்கு அது தேவலையாங்க?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போடியில் மூக்கு இல்லாமல் எத்தனையோ தொழில் செய்யலாம். ஜீப்பு ஓட்டலாம், ஜவுளிக்கடை வைக்கலாம், அரசியலில் கூட இருக்கலாம். ஏலக்காய் வாங்க முடியாது. காயின் பச்சையைக் கண் சொல்லும். பருமனைச் சல்லடை சொல்லும். நன்றாகக் காய்ந்த காயைக் காதோரம் குலுக்கினால் உள்ளே உருளும் விதை சொல்லும். புகையை மட்டும் மூக்குதான் சொல்ல வேண்டும். மலையில் காயைக் காய வைக்கிற கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். ஒரு பக்கம் விறகு எரியும். அந்தச் சூடு தகரக் குழாய்கள் வழியாக உள்ளே போய்த் தட்டுகளில் இருக்கிற காயை உலர்த்தும். குழாயில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் போதும், சூட்டோடு புகையும் கிளம்பிக் காயில் உட்கார்ந்துகொள்ளும். பார்க்க ராஜா மாதிரி இருக்கிற காய், பாயசத்தில் போட்டால் அடுப்படி வாசம் அடிக்கும்.

அந்தப் புகையைப் பொட்டலம் பிரிக்கும்போதே சொல்லிவிடுகிறவன் என்று கடைத்தெருவில் எனக்கு ஒரு பேர். பட்டப்பெயரே மூக்குதான். மூக்கைக் கேட்டுக்கிட்டு வாங்கு என்பார்கள் ஒருவரிடம் ஒருவர். அந்த மூக்கு போனால் நான் என்னவாக மிஞ்சுவேன் என்று கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். மீசை மட்டும் மிஞ்சியது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். காய்ச்சலுக்குப் பிறகு இப்படி ஆவது உண்டு என்றார். சிலருக்குச் சீக்கிரம் திரும்பிவிடும், சிலருக்கு மாதக்கணக்கு ஆகும், சிலருக்கு வராமலே போவதும் உண்டு என்றார். முதல் இரண்டும் என் காதில் விழவில்லை. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தபோது, மூக்கு போன ஏலக்காய் வியாபாரியின் கடை எப்படி மூடப்படும், கடைசி நாளன்று யார் யார் வந்து துக்கம் விசாரிப்பார்கள், அவர்களுக்குக் காப்பி கொடுப்பதா கலர் கொடுப்பதா என்பது வரை யோசித்து முடித்திருந்தேன். பயப்படுவதில் நான் மிகவும் ஒழுங்கானவன். எதையும் பாதியில் விடுவதில்லை.

வெள்ளி யோசனை வந்தது அப்போதுதான். கண் வலி என்றால் வெள்ளித் தகட்டில் கண்ணும், கால் வலி என்றால் காலும் வாங்கிக் கோயில் உண்டியலில் போடுகிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. கோயில் வாசல் கடையில் போய் மூக்கு இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் டப்பாவைக் கவிழ்த்து விரலால் கிளறினார்.

“கண்ணு இருக்கு, கை இருக்கு, காலு இருக்கு, தொட்டில்ல புள்ள கூட இருக்கு. மூக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லண்ணே. முழு மொகமா எடுத்துக்கங்களேன், மூக்கு அதுலயே சேந்து இருக்கு.”

“மொகத்துல மத்ததெல்லாம் நல்லா இருக்குய்யா. சாமி எதுல கோளாறுன்னு தேடிக்கிட்டா இருப்பாரு?”

கடைக்காரருக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு பத்தரிடம் அனுப்பினார். பத்தர் நகை செய்து பழகியவர், மூக்கு செய்து பழகியவர் அல்ல. நூல் பிடித்து அளந்தார், நெற்றியைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். மூன்று வாரம் ஆகும் என்றார். அவசரம் என்றேன். கல்யாணமா என்று கேட்டார்.

அந்த மூன்று வாரத்தை நடித்தே ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தோட்டக்காரர்கள் மலையிலிருந்து இறங்கும்போது மாதிரிக் காயைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவார்கள். ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன். வழக்கம்போல் கண்ணை மூடினேன், நெஞ்சு நிறைய இழுத்தேன், கொஞ்சம் நிறுத்தி மூச்சை விட்டேன். நடிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நல்ல காய் என்று தலையாட்டினேன். மறுநாளே லோடு வந்து கடைக்குப் பின்னால் இருக்கிற கிட்டங்கியில் இறங்கிவிட்டது.

கிட்டங்கியில் காய் பொறுக்கும் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் உண்டு. அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒருத்தி, சிலமலையிலிருந்து பஸ்சில் வருகிறவள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அந்த மரியாதை குறையாமலே காலை வாரிவிடுவாள். முதல் சாக்கைப் பிரித்ததும் சாக்கு அடுக்குக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இந்த லோடு பூராப் புகை புடிச்சிருக்கு.”

தெரியும் என்றேன். தெரிந்தேதான் வாங்கினேன், புகைக்காய்க்கென்றே வடக்கே ஒரு ஆள் இருக்கிறார் என்றேன். சரிண்ணே என்றாள். பிறகு போய் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, இதையும் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனார், பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். பிரிக்காமலே வாங்கி மூக்கில் வைத்தேன். பிரிக்காமலே சொல்கிற கெட்டிக்காரன் என்று காட்ட வேண்டாமா. முதல் தரம், பச்சை வாசம் போகாத காய், தைரியமாக வாங்கலாம் என்றேன்.

“மத்தியானச் சோத்துக்குக் கொண்டாந்த கருவாடுண்ணே” என்றாள்.

நான் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

“எப்பருந்து?”

“பத்து நாளாச்சு ஆத்தா.”

“யாருட்டயும் சொல்லலையா?”

“சாமிட்ட சொல்லிருக்கேன்.”

“அவரு வந்து மோந்து பாத்துச் சொல்லுவாராக்கும். இனிமே பொட்டலத்த வெரசா இங்கிட்டுக் கொண்டாங்க.”

அப்படித்தான் ஆரம்பித்தது. தோட்டக்காரர் வந்தால் உட்கார வைத்து டீ சொல்லிவிட்டு, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொட்டலத்தோடு சாக்கு அடுக்குக்குப் பின்னால் போவேன். அவள் முகர்ந்துவிட்டு ம் என்பாள், அல்லது வேணாம் என்பாள். எனக்கு அது பத்தவில்லை. தோட்டக்காரர் ஏன் வேண்டாம் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? என்ன வாசனை என்று சொல் என்று நச்சரித்தேன். வாசனையை எப்படிண்ணே சொல்றது என்று திகைத்தாள். நியாயம்தான். முப்பது வருசம் மூக்கை வைத்துப் பிழைத்த எனக்கே நல்லது, புகை என்று இரண்டே வார்த்தைதான் தெரியும்.

ஆனால் அவள் யோசித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, காயை உள்ளங்கையில் உருட்டி, தோலைக் கிள்ளி, மறுபடி முகர்ந்து, தேடித் தேடிச் சொன்னாள்.

“புதுச்சேலை மடிப்பப் பிரிச்சா மொதல்ல ஒண்ணு வருமே, அது. அதுக்கு அடியில கசக்குன எலுமிச்ச எலை.”

இன்னொரு பொட்டலத்துக்கு, பள்ளிக்கூடம் விட்டு வெயிலில் ஓடிவந்த பிள்ளையின் தலை மாதிரி இருக்கிறது என்றாள். அதை நான் வாங்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது அதையே நினைத்துக்கொண்டு போனேன். என் பிள்ளைகளும் அப்படி ஓடி வந்திருக்கிறார்கள். அந்தத் தலைகளை நான் முகர்ந்ததாக ஞாபகமில்லை. அப்போதெல்லாம் எனக்கு வியாபாரம்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றியது. மறுநாள் காலை அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, காப்பி எப்படி மணக்கிறது என்று மனைவியிடம் கேட்டேன். மூக்கு போன விஷயத்தைச் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன். அவளுக்குச் செருப்பு நாளிலிருந்தே தெரியுமாம். ஏன் கேட்கவில்லை என்றேன்.

“செருப்புட்டயே சொன்னீங்க. எங்கிட்டச் சொல்ல மாட்டீங்களான்னு இருந்தேன்” என்றாள்.

பிறகு டிகாக்‌ஷன் பாத்திரத்தைத் திறந்து பார்த்தபடியே சொன்னாள். காப்பிக்கு வாசனை ஒன்றல்லவாம், இரண்டு உண்டாம். வெந்நீர் தூளில் விழுந்ததும் வருவது முதலாவது. பால் சேர்ந்த பிறகு வருவது வேறு. எனக்கு இத்தனை வருசம் வந்து சேர்ந்தது இரண்டாவதுதான். முதலாவது அடுப்படியில் நிற்கிற ஆளுக்கு மட்டும்.

“அந்த அஞ்சு நிமிசந்தான் நான் சாமிட்டப் பேசறது” என்றாள்.

“என்ன பேசுவ?”

“ஒண்ணுமில்ல. பாலு திரியல, வாசம் நல்லாருக்கு, வெளியில குருவி கத்துதுன்னு சொல்லுவேன்.”

“அவ்வளவுதானா? ஒண்ணும் கேக்க மாட்டியா?”

“காலங்காத்தால அவருக்கும் சோலி இருக்கும்லங்க.”

நான் காப்பியை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். என் பிரார்த்தனைகளை நினைத்துப் பார்த்தேன். நான் சாமியிடம் பேசியதெல்லாம் மொத்த வியாபாரம். வருசத்துக்கு நாலு தடவை, பெரிய கோயில், பெரிய கோரிக்கை, லோடு லோடாக. மகனுக்கு வேலை வேண்டும், மழை அதிகம் வேண்டாம், விலை இறங்க வேண்டாம், சர்க்கரை ஏற வேண்டாம். தந்தால் இன்னது தருகிறேன். சில்லறையாக ஒரு நாளும் பேசியதில்லை. இவளோ இருபத்தாறு வருசமாக என் முதுகுக்குப் பின்னால், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், தினம் சில்லறை வியாபாரம் நடத்தியிருக்கிறாள். கடவுளுக்கு யாரை நன்றாகத் தெரிந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு என் மேலேயே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. காப்பி அன்றும் கசந்த வெந்நீராகத்தான் இருந்தது. ஆனால் சூடாக இருந்தது. சூடாக இருக்கிறது என்று சாமியிடம் சொல்லிப் பார்த்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் மாதிரி இருந்தது.

புகைக்காய்த் தோட்டக்காரரிடம் குழாயைப் பார்க்கச் சொல்ல வேண்டியிருந்தது. போனில் சொன்னால் என் மூக்கு அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று கேட்பார். நேரில் கேட்டாலாவது முகத்தைப் பார்த்து இரக்கப்படலாம் என்று, வேலையாட்கள் போகிற ஜீப்பில் விடியற்காலை ஏறினேன். மலையில் பாதி ஏறியதும் பனி உள்ளே வந்தது. என்ன வாசம் வருகிறது என்று டிரைவரைக் கேட்டேன். டீசல்ண்ணே என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும், துணி துவைத்த கல்லை முகர்ந்தால் இப்படித்தான் இருக்கும் என்றாள். உடனே மற்றவர்கள் இல்லை இல்லை என்று ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்து, போடிமெட்டு வருகிற வரைக்கும் சண்டை ஓயவில்லை. தினம் அந்தப் பனியில் போகிறவர்கள். ஒருவரும் அதுவரை அவர்களை அதைக் கேட்டதில்லை.

தோட்டத்தில் முதலாளி இல்லை. ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற மலையாளத்து மனிதர்தான் இருந்தார். “ஓட்டை உண்டு சேட்டா, நான் அப்பவே பறஞ்சேன், யாரு கேக்குறா” என்று குழாயைத் தொட்டுக் காட்டினார். வந்த வேலை ஐந்து நிமிசத்தில் முடிந்துவிட்டது. திரும்ப ஜீப்பு மூன்று மணிக்கு.

செடிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். என்னைவிட உயரமான செடிகள். ஆனால் பூ மேலே இல்லை. செடியின் அடியிலிருந்து ஒரு சரம் கிளம்பி மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கும். அதில்தான் பூ, அதில்தான் காய். குனிந்தால்தான் தெரியும். நான் முப்பது வருசமாக இந்தக் காயை விற்றுச் சாப்பிடுகிறேன். பலமுறை மலைக்கு வந்திருக்கிறேன், ஸ்டோரைப் பார்ப்பேன், காயைப் பார்ப்பேன், விலை பேசுவேன், போய்விடுவேன். பூவுக்காகக் குனிந்ததில்லை. அன்று வேறு வேலை இல்லாததால் கை இரண்டையும் மண்ணில் ஊன்றிக் குனிந்தேன். நகத்தளவு வெள்ளைப் பூ. நடுவில் ஊதாக் கோடுகள், யாரோ மெல்லிய பேனாவால் நிதானமாக இழுத்த மாதிரி. ஒரு தேனீ அதற்குள் தலையை விட்டு, என்னைக் கண்டுகொள்ளாமல் தன் வேலையைப் பார்த்தது. வாசனை இருந்ததா தெரியாது. முகர்ந்தேன், ஒன்றும் இல்லை. முதல் தடவையாக அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

பாத்தேன் என்று மட்டும் சொன்னேன். செடியிடம் சொல்லவில்லை. தந்தால் தருகிறேன் என்று எதுவும் சேர்க்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. எழுந்தபோது கணுக்காலில் இரண்டு அட்டைகள் நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தன. கத்திய கத்தில் ஸ்டோர்க்காரர் உப்போடு ஓடி வந்தார். ஞானம் வந்த மனிதன் இப்படிக் கத்துவானா என்று கேட்டால், என் விஷயத்தில் கத்துவான்.

மறுநாள் கடையில் மூன்று தோட்டக்காரர்கள் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். மூக்கு போய்விட்டது, வருமா தெரியாது, இனிப் பொட்டலத்தை அந்தப் பிள்ளைதான் பார்க்கும் என்றேன்.  அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைத்தெரு ஒரு வாரம் சிரித்தது. இரண்டு பேர் என் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். மற்றவர்கள் என்னைத் தாண்டி நேராகக் கிட்டங்கிக்குப் போக ஆரம்பித்தார்கள். அவளுக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டேன். இப்பத்தான் எடுப்பா இருக்கு என்றாள்.

பத்தர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் பிந்தி மூக்கைக் கொடுத்தார். பார்க்க உரித்த பூண்டுப்பல் மாதிரி இருந்தது. மனைவி கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, பத்தருக்கு உங்களைப் பிடிக்காது போல என்றாள். கோயிலுக்கு எடுத்துப் போனேன். வரிசையில் நிற்கும்போது கேட்க வேண்டியதை மனதில் ஒழுங்குபடுத்தப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை. சன்னதி வந்ததும், காப்பிக்கு இரண்டு வாசனை என்று வீட்டுக்காரி சொன்னாள், பூவில் கோடு இருக்கிறது, பின்னால் நிற்கிற பிள்ளை என் வேட்டியைப் பிடித்து இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நகரச் சொல்லிவிட்டார்கள். வெள்ளி மூக்கை உண்டியலில் போட்டேன். பத்தர் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறார் என்பதற்காகப் போட்டேன். அன்று ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரமும் நடக்கவில்லை. பயம் நடுநடுவே வந்து போனது. வந்தால் பயமாக இருக்கிறது என்று அதையும் சில்லறையோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டேன்.

காய்ச்சல் வந்து பதினோராவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, மழையில் நனைந்த லோடு வந்து இறங்கியது. ஆள் பத்தவில்லை என்று நானும் ஒரு சாக்குக்குத் தோள் கொடுத்தேன். ஈரச் சணலின் வாசனை வலது மூக்கில் வந்தது. இடது பக்கம் திறக்க இன்னும் எட்டு நாள் ஆனது. ஏலக்காய் வாசனை தெரிய அதற்குப் பிறகு ஒரு மாதம். முழுசாக வரவில்லை. புகை லேசாக இருந்தால் இன்றைக்கும் எனக்குத் தெரிவதில்லை. பொட்டலங்களை அவள்தான் பார்க்கிறாள்.